யாருகிட்டத் திட்டு வாங்குனே?

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. பூட்ஸைக் கழட்ட வேணாம், அதைப் போட்டுக்கிட்டுத்தான் நீ ஆபீசர்னு தெரியுது. மூணு நாள் முகாமாம். ஏரிக்கு மேல பெரிய ரிசார்ட்டாம். முடிச்சுட்டு இறங்கறப்போ தலைமைப் பண்பு வந்துடுச்சுன்னு ஆளுக்கொரு சான்றிதழாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததுல பாதிப்பேரு பன்னெண்டாவது வளைவுலயே தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டியிருப்பீங்க. அந்த பஸ்ல தலைவர் யாருன்னு என்னைக் கேட்டா டிரைவரைத்தான் சொல்லுவேன். அவருக்கும் ஒரு சான்றிதழ் குடுப்பாங்களா? குடுக்க மாட்டாங்க, அவருக்கு வேலை தெரியுமே.

முதல் நாளே போர்டுல ஒரு கேள்வி எழுதிப் போட்டாராமே உங்க வாத்தியாரு: தொழில்ல தலைவனா இருக்கிறது பிறவியில வர்றதா, பழகி வர்றதா? நல்ல கேள்விதான். நான் மட்டும் அந்த ரூம்ல இருந்திருந்தா முதல்ல எழுந்து, இதை யாரு கேக்குறாங்கன்னு கேட்டிருப்பேன். பிறவியில வர்றதுன்னு அடிச்சுச் சொல்றவனை நல்லாப் பாரு, அவங்கப்பன் மொதலாளியா இருப்பாரு. கத்துக்கலாம்னு அடிச்சுச் சொல்றவனையும் பாரு, கத்துக்குடுக்க ஃபீஸ் வாங்குறவரா இருப்பாரு. ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல கண்ணு. ரெண்டு பேரு கையிலயும் சரக்கு இருக்குது, வித்தாகணும்.

சரி, பிறவி பிறவிங்கிறீங்களே, இந்தச் சேர்வராயன் மலையில பிறவியிலேயே வந்தது எதுன்னு சொல்லு பாப்போம். காப்பியா? 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் தொரை கொண்டுவந்து நட்டது. ஆரஞ்சும் பேரிக்காயும் வெளியூர்ச் சரக்கு. மிளகுக்கொடி ஏறி நிக்குதே சில்வர் ஓக்கு, அது ஆஸ்திரேலியாக்காரன். இங்கேயே தலைமுறை தலைமுறையா இருக்கிற மலையாளி சனம்கூட (கேரளாக்காரங்கன்னு நினைச்சுடாதே, மலைவாழ் சனம்) காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேரு வந்து மலைக்கொருத்தரா ஏறினாங்கன்னுதான் கதை சொல்லுவாங்க. இந்த மலைக்குன்னு கூடவே பொறந்த சரக்கு ஒண்ணே ஒண்ணுதான், பாக்சைட்டு. அதுக்கு என்ன ஆச்சு? வெட்டி லாரியில ஏத்தி மேட்டூர்ல அலுமினியம் ஆக்கிட்டாங்க. பிறவித் திறமை இருக்கிறவங்க கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்.

நீ நேத்து ராத்திரி போன்ல ஒண்ணு படிச்சுக் காட்டுனியே, இரட்டைப் பிள்ளைங்களை வச்சு அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணாங்கன்னு. ரிச்சர்டு ஆர்வின்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் 2006-ல போட்டது. மினசோட்டாவுல பொறந்த ஆம்பளை இரட்டையருங்க. ஒரே கருவுல பிரிஞ்சவங்க ஒரு பக்கம், சும்மா ஒண்ணாப் பொறந்தவங்க ஒரு பக்கம். கணக்குப் போட்டுப் பாத்தா, தலைமைப் பதவிக்குப் போறதுல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல நூத்துக்கு முப்பது பங்கு பிறவி வழியா வருதாம், மீதி எழுபது வாழ்ந்த வாழ்க்கையில. நீயும் கேட்டுட்டுத் தலையை ஆட்டுனே. நான் ராத்திரி பூரா யோசிச்சேன், வயசானா தூக்கம் வராதில்ல. அவங்க என்னத்தை அளந்தாங்க? எத்தனை பேரு சூப்பர்வைசரு, மேனேஜரு, டைரக்டருன்னு நாற்காலியில உக்காந்தாங்கங்கிறதை அளந்தாங்க. உக்காந்தவன் ஒழுங்கா உக்காந்தானான்னு அளக்கல. நெட்டையா, மிடுக்கா, குரல் கணீர்னு இருக்கிறவனைப் பாத்தா நாமளே எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போடுவோம். அந்த முப்பதுல எத்தனை அவன் பிறவி, எத்தனை நம்ம அசட்டுத்தனம்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. உங்க வாத்தியாரைக் கேளு.

எங்க மலையில பரம்பரைத் தலைமை உண்டு, இல்லைங்கல. நாட்டுக்குப் பட்டக்காரரு, ஊருக்கு மூப்பன். அப்பன் இருந்த இடத்துல மவன் உக்காருவான். ஆனா பஞ்சாயத்துல உக்காந்த புதுசுல அவன் வாயைத் திறந்தா, சுத்தி இருக்கிற கிழவனுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து வெத்தலையைத் துப்புவாங்க. அவ்வளவுதான், மூடிக்குவான். இடம் பிறவியில வந்துச்சு, வாயை எப்போ மூடணும்ங்கிறது துப்பல்ல வந்துச்சு.

மீன்குஞ்சுக்கு நீந்தக் கத்துக்குடுக்கணுமான்னு கேப்பாங்க. வேணாம். ஆனா நீந்துற மீனெல்லாம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துமா? யாவாரம்ங்கிறது நீந்துற வேலை இல்ல சாமி.

உனக்கு ஒரு எஸ்டேட்டுக் கதை சொல்றேன். பேரு கேக்காதே, அவங்க இன்னும் எனக்குப் பொங்கலுக்கு வேட்டி அனுப்புறாங்க. நான் அங்க மேஸ்திரி. பெரிய மொதலாளி பழம் பறிக்கிற காலத்துல சாயங்காலம் தராசுகிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவாரு. பேச மாட்டாரு, பாத்துக்கிட்டே இருப்பாரு. அவருக்கு உடம்புக்கு முடியாமப் போகவே மவன் வந்தாரு, வெளிநாட்டுல எம்.பி.ஏ. படிச்சவரு. நல்ல பிள்ளை, கெட்டவர்னு சொல்ல மாட்டேன். வந்த வாரமே பழம் பறிக்கிற பொம்பளைங்களைக் களத்துல நிக்க வச்சு இங்கிலீசும் தமிழும் கலந்து அரைமணி நேரம் பேசினாரு. நாமெல்லாம் ஒரே குடும்பம்னாரு. வாராவாரம் நல்லாப் பறிக்கிறவங்களுக்குச் சட்டையில குத்திக்க ஒரு வில்லைன்னாரு. பின்னாடி வரிசையில ஒரு அம்மா, "சாமி, அந்த வில்லைக்கு ஆகுற காசைக் கூலியில சேத்துட்டா நாங்க நெஞ்சுலயே குத்திக்கிறோம்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு, புரியாமலே.

நடந்தது அடுத்த வாரம்தான். கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. சாக்கோட நிறுத்து, சாக்குக்குன்னு கொஞ்சம் கழிச்சுட்டு ரைட்டரு நோட்டுல எழுதுவாரு. அன்னிக்கு மழை, சாக்கு நனைஞ்சிருக்குது. நனைஞ்ச சாக்கு கனக்கும்னு ரைட்டரு வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு கழிச்சாரு. அதுல ஒரு கிழவி, எழுபது வயசு இருக்கும், சின்ன மொதலாளி முன்னாடி வந்து நின்னு கேட்டா: "ஏன் சாமி, சாக்கு மட்டும்தான் நனைஞ்சுதா, நான் நனையலியா? என் சாக்கைத் தனியாத் தராசுல போடு. அது எவ்வளவோ அவ்வளவு கழி. உங்கப்பன் இருந்தா இந்நேரம் போட்டிருப்பாரு. நீ பேசத்தான் வந்தியா, நிறுக்க வந்தியா?"

களமே கப்சிப். ரைட்டரு அந்தம்மாவை அதட்ட வாயைத் திறந்தாரு. நான் தரையைப் பாத்தேன், மேஸ்திரிங்களுக்கு அது ஒரு கலை. சின்ன மொதலாளி முகம் சிவந்துச்சு. அந்த நிமிசம் அவருக்கு ரெண்டு வழி இருந்துச்சு. கிழவியைப் போகச் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவரு சாக்கைக் கொட்டச் சொன்னாரு. காலிச் சாக்கை நிறுத்தாரு. கழிச்சதுல பாதிகூட இல்ல. அன்னிக்கு எல்லாருக்கும் கணக்கைத் திருத்தி எழுத ராத்திரி எட்டு மணி ஆயிடுச்சு. மறுநாள்ல இருந்து அவங்கப்பன் ஸ்டூல்ல அவரே உக்காந்தாரு. வில்லை எங்க போச்சுன்னு தெரியல.

இப்போ சொல்லு, அது ரத்தத்துல இருந்து வந்துச்சா, எம்.பி.ஏ.வுல இருந்து வந்துச்சா? ரெண்டுக்கும் கொஞ்சம் கூலி குடுத்துடலாம். மிச்சம் அந்தக் கிழவி குடுத்தது.

இதைத்தான் கண்ணு உங்க முகாம்ல வைக்க மாட்டாங்க. கயித்துல தொங்க விடுவாங்க, கண்ணைக் கட்டி நடக்க விடுவாங்க, பின்னால சாஞ்சு விழு, நண்பன் புடிப்பான்னு சொல்லுவாங்க. புடிக்கத்தான் செய்வான், அவனுக்கும் அதே சம்பளம்தானே. உனக்குக் கீழ வேலை செய்றவன், உன்னால அரை நாள் கூலி போனவன், அவன் புடிப்பானான்னு பாக்கணும். அவனை ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டு வரமாட்டாங்க, ரூம் வாடகை கட்டுப்படியாகாது.

மலையை விட்டு இறங்குறப்போ சேலத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஏற்காடு ரோட்டுல ஒரு பழைய வளைவு நிக்கும், மாடர்ன் தியேட்டர்ஸ்னு. செல்ஃபி எடுத்துக்குவாங்க நம்ம பசங்க. உள்ள ஸ்டூடியோ இல்ல, வளைவு மட்டும்தான். அந்த ஸ்டூடியோவைக் கட்டின டி.ஆர்.சுந்தரம் கதையை உங்க வாத்தியாருக்குச் சொல்லு. திருச்செங்கோட்டுப் பூர்வீகம், வசதியான குடும்பம், 1907-ல பொறந்தாரு. இங்கிலாந்துல லீட்ஸுக்குப் போய்ப் படிச்சது என்ன தெரியுமா? சினிமா இல்ல, நெசவுத் தொழில்நுட்பம். வந்து மில்லு வச்சிருந்தா நாமளும் பிறவி மில் மொதலாளின்னு சொல்லியிருப்போம். அவரு சினிமாப் பக்கம் போனாரு. போனவுடனே கோட்டையைக் கட்டிடல. ஏஞ்சல் பிலிம்ஸ்ல பங்காளியாச் சேர்ந்தாரு. அப்போ நம்ம ஊர்ல வசதி கிடையாது, நடிகருங்களைக் கூட்டிக்கிட்டு ரயிலேறி கல்கத்தா போய்ப் படம் புடிப்பாங்க. ஊரு தெரியாது, பாஷை தெரியாது, கேமராக்காரர் வங்காளி. லீட்ஸ் பட்டத்தை அங்க யாரு கேக்கப் போறாங்க? தெரியாதுன்னு சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டிய இடம் அது. அதைப் பாத்துட்டு வந்துதான் முப்பதுகளோட நடுவுல சேலத்துலயே ஸ்டூடியோ கட்டினாரு. 1937-ல முதல் படம் 'சதி அகல்யா'. மறு வருசமே மலையாளத்துல முதல் பேசும் படம் 'பாலன்', இந்த மலையடிவாரத்துல இருந்து போனதுதான். 1956-ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழுக்கு முதல் முழுநீளக் கலர்ப் படம். எல்லாம் சேர்த்து நூறு படத்துக்கு மேல.

அங்க என்ன விசேசம்னா சினிமாவை அவரு மில்லு மாதிரி நடத்தினாரு. மணி அடிச்சா வேலை, மாசம் பொறந்தா சம்பளம். வசனம் எழுதுறவருக்கும் மாசச் சம்பளம். கலைஞர் கருணாநிதி சேலத்துல குடியிருந்து எழுதினது அந்தக் காலம்தான், 1950-ல 'மந்திரி குமாரி' வந்துச்சு. கண்ணதாசனும் அங்க வேலை பாத்தவருதான். தலைவனா ஆகப்போறவங்களையே மாசச் சம்பளத்துக்கு வச்சிருந்தவரு, அவருக்கு என்ன பேரு வைப்பீங்க உங்க கோர்ஸ்ல? ரொம்பக் கறாரானவருன்னு சொல்லுவாங்க. கறாரா இருந்தாலும் ஒவ்வொரு படத்துக்கும் டிக்கட்டு வாங்குறவன் ஒருத்தன் இருந்தான். படம் நல்லா இல்லைன்னா அவன் கொட்டகையில விசிலடிச்சு விரட்டுவான், அவனை அதட்ட முடியாது. கறாரானவங்களைத் திருத்த வேற ஆளு கிடையாது.

1963-ல அவரு போயிட்டாரு. மவன் ராமசுந்தரம் நடத்தினாரு. சும்மா இல்ல, 1970-ல 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் ஓடுச்சு. ஆனாலும் எண்பதுகள்ல ஸ்டூடியோ அடங்கிடுச்சு. உடனே, பாத்தியா, திறமை ரத்தத்துல வராதுன்னு சொல்லக் கிளம்பிடாதே. அது நியாயம் இல்ல. அதுக்குள்ள சினிமாவே கோடம்பாக்கத்துக்கு வண்டி கட்டிப் போயிடுச்சு. நடிகரு, லேபு, பைனான்ஸு எல்லாம் அங்க. அந்த அப்பனே உசுரோட இருந்திருந்தாலும் சேலத்துல என்ன பண்ணியிருப்பாருன்னு யாருக்குத் தெரியும்? ஜெயிச்சா ரத்தம், தோத்தா மவன்னு எழுதுறது சோம்பேறிக் கணக்கு.

இன்னொண்ணும் நம்ம ஊருதான். ஜவ்வரிசி. இன்னிக்குச் சேலம்னாலே ஜவ்வரிசி, நாமளே கண்டுபுடிச்ச மாதிரி மீசையை முறுக்குறோம். சண்டைக் காலம், 1943. மாணிக்கம் செட்டியார்னு ஒருத்தரு, மீன் யாவாரத்துக்குக் கேரளா போய் வந்துக்கிட்டிருந்தவரு. அங்க பினாங்குல இருந்து வந்த போபட்லால் ஷாவைப் பாக்கிறாரு. ஜவ்வரிசி செய்யத் தெரிஞ்சவரு அவரு. ரெண்டு பேரும் சேலத்துல கையாலயே ஆரம்பிச்சாங்க. அப்புறம் வெங்கடாசலக் கவுண்டர்னு ஒரு மெக்கானிக்கு மிஷினைச் சீராக்கிக் குடுத்தாரு. இந்த மூணு பேருல தலைவன் யாரு? ஆளைப் புடிச்சவரா, தொழில் தெரிஞ்சவரா, ஸ்பேனரு புடிச்சவரா? ஒருத்தரை விட்டாலும் கிழங்கு கிழங்காவே இருந்திருக்கும். உங்க போர்டுல ஒருமையிலதானே எழுதியிருக்காரு, தலைவன்னு?

குரியன் பேரு கேள்விப்பட்டிருப்பே, அமுல் பால்காரரு. இங்க பக்கத்துல கோபிச்செட்டிபாளையத்துல பள்ளிக்கூடம் படிச்சவரு, அப்புறம் லயோலா, கிண்டி. மாமா ஜான் மத்தாய், பின்னாடி நாட்டுக்கே நிதி மந்திரி. இவரு டாடா இரும்பாலையில சேர்ந்தா அங்க மாமா டைரக்டரு. மருமவன்னு ஊரே மரியாதை குடுக்குதுன்னு அங்கிருந்து தப்பிச்சு ஓடினவரு. நம்ம பசங்களா இருந்தா மாமா போட்டோவை மேசையில வச்சிருப்பாங்க! அரசாங்க ஸ்காலர்ஷிப்புல அமெரிக்கா போனாரு. பால் படிக்கணும்னு அனுப்புனா அவரு மனசெல்லாம் உலோகத்துல. திரும்பி வந்தா பத்திரம் எழுதிக் குடுத்ததுக்காக 1949-ல குஜராத்துல ஆனந்துங்கிற ஊர்ல கொண்டுபோய்த் தள்ளினாங்க. எப்படா விடுவாங்கன்னு நாள் எண்ணினாரு. விட்டப்போ, திரிபுவன்தாஸ் பட்டேல், கூட்டுறவுக்காரங்க தலைவரு, இருந்து உதவி பண்ணுய்யான்னாரு. இருந்துட்டாரு.

பிறவின்னா அவருக்குப் பால் மேல ஆசையே இல்ல. படிப்புன்னா அதையும் ஒழுங்காப் படிக்கல. பின்ன எப்படி? சம்பளம் குடுத்த மொதலாளி யாருன்னு பாரு: மாடு வச்சிருக்கிற குடியானவங்க. காலையில பாலைக் கொண்டாந்து ஊத்திட்டு, காசு சரியா வரலைன்னா நேரா வந்து கேக்குறவங்க. பெரிய படிப்புப் படிச்சவரு, அவங்களுக்குக் கணக்குச் சொல்ற வேலைக்காரரா இருந்தாரு. அதிகாரிங்ககிட்டயும் மந்திரிங்ககிட்டயும் அவரு பேசுன பேச்சு ரொம்பக் காரம்னு சொல்லுவாங்க. பேசலாம், பின்னாடி அத்தனை மாடு நின்னுச்சே.

உங்க அத்தையை எடுத்துக்கோ. கல்யாணமாகி வந்தப்போ வாசல்ல போஸ்ட்மேன் நின்னாக்கூட உள்ள ஓடிடுவா. மகளிர் குழு வந்துச்சு. 1989-ல தர்மபுரியில ஐ.நா. விவசாய நிதியோட உதவியில ஆரம்பிச்சது, அப்புறம் தமிழ்நாடு பூரா பரவுச்சு. குழுவுக்குப் பன்னெண்டுல இருந்து இருபது பேரு. அவங்களுக்குள்ள ஒரு ஊக்குநரு, ரெண்டு பிரதிநிதி. இவளைப் பிடிச்சு ஊக்குநராப் போட்டுட்டாங்க. கையெழுத்து நல்லா இருக்குதாம், அதுதான் தகுதி. முதல் வருசம் அழுதுகிட்டே வருவா. எல்லாருக்கும் முன்னாடி, உன் கூட்டல் தப்பு, எங்க பத்து ரூவா எங்கன்னு கேட்டுட்டாங்கன்னு. இன்னிக்குப் பேங்க் மேனேஜரு கடன் பைலைத் தள்ளிப் போட்டா, மேசையை விட்டு எழுந்திரிக்க மாட்டா. என்கிட்டயே இப்போ பேச்சு வேற மாதிரி இருக்குது, அது போகட்டும். எந்தக் கோர்ஸு அது? வாரத்துக்கு ஒருக்கா, தன் காசை எண்ணத் தெரிஞ்ச பதினஞ்சு பொம்பளைங்க முன்னாடி நோட்டைத் திறந்து வைக்கணும். அதுதான் கோர்ஸு. ஃபீஸ் இல்ல, சான்றிதழும் இல்ல.

இந்த மலையிலயே பெரிய பள்ளிக்கூடம் இருக்குதே, மான்ட்போர்ட்டு, 1917-ல இருந்து. சசி தரூர் அங்க இருந்தவரு, நடிகர் விக்ரமும் அங்க படிச்சவரு. பாத்தீங்களா, தலைவருங்களை உருவாக்குற மண்ணுன்னு உங்க வாத்தியாரு கட்டாயம் சொல்லியிருப்பாரு. எந்தப் பள்ளிக்கூடமும் ஜெயிச்சவன் போட்டோவைத்தான் மாட்டும். அதே பெஞ்சுல உக்காந்து இப்போ சேலத்துல அமைதியா மளிகைக்கடை வச்சிருக்கிறவன் போட்டோ எங்க? அவன் கடையில வேலை செய்ற நாலு பேரும் பத்து வருசமா வேற கடைக்குப் போகலைன்னா, எனக்கு அவன் போட்டோவைப் பாக்கத்தான் ஆசை.

அதனால நாளைக்குக் கடைசி நாள்ல எழுந்திருச்சுப் பேசச் சொன்னா, பிறவியா பழக்கமான்னு ரெண்டு பக்கமும் பேசி நடுவுல நிக்காதே. அது கைதட்டல் வாங்குற வேலை. பிறவியில கொஞ்சம் வரும், வரட்டும். குரலு, தெம்பு, எல்லார் முன்னாடியும் நிக்கிற கூச்சமில்லாமை. அது இருந்தா சீக்கிரம் நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான். மீதி கத்துக்கிறதுதான். ஆனா கத்துக்குடுக்கிறவங்க மேடையில நிக்கிறவங்க இல்ல, உனக்குக் கீழ இருக்கிறவங்க. அவங்க உன்னைத் திட்டுறதுக்கு வழி இருக்கணும், திட்டினவங்களுக்கு மறுநாள் வேலையும் இருக்கணும். மொதலாளி மவனுங்க நிறையப் பேரு வீணாப் போறது ரத்தம் கெட்டதால இல்லப்பா. நாப்பது வயசு வரைக்கும் ஒருத்தனும், தப்பு சாமின்னு சொல்லாததால.

உன் கையில எட்டுப் பேரு இருக்காங்கன்னியே, கடைசியா எவன் உன் தப்பை உன் முகத்துக்கு நேரா சொன்னான்? யோசிக்கிறே பாரு. யோசிக்கிற அளவுக்கு ஆயிடுச்சுன்னா போய் முதல்ல டீ வாங்கிக் குடு அவங்களுக்கு. கேள்வி கேக்காதே, ஃபார்ம் குடுக்காதே, பேரு எழுதாம கருத்துச் சொல்லுங்கன்னு பெட்டி வைக்காதே. பெட்டி வச்சா எவன் கையெழுத்துன்னு நீ தேடுவே, எனக்குத் தெரியாதா. அவங்க வேலையை ஒரு நாள் நீ செய்யி. தப்பாத்தான் செய்வே. அப்போ தானா வாய் திறப்பாங்க.

அப்புறம் மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மூணு நாள் லீவு போட்டுட்டு வா. போனை என்கிட்டக் குடுத்துடணும். நீ இல்லாம அந்த எட்டுப் பேரும் வேலையை முடிச்சு வச்சிருந்தாங்கன்னா, முகாமுக்குக் கட்டின காசு வீண் இல்லைன்னு நான் ஒத்துக்கிறேன். முடிஞ்சா உங்க எம்.டி. மவனையும் கூட்டிட்டு வா, நம்ம வீட்டுலயே தங்கட்டும், உங்க அத்தை கணக்கு நோட்டைக் காட்டுவா. அவரு இல்லாத நாள்ல ஆபீசு ஜோரா ஓடுதுன்னு நீதானே சொன்னே.